பிரம்மபுத்திரா வெளியில் நேபாளி மேய்ப்பர்: பால் தொழிலும் நில உரிமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அசாமின் படைமுகாம்களும் நகரங்களும் தேயிலைத் தோட்டங்களும் தமக்கு வேண்டிய பாலிலும் நெய்யிலும் பெரும்பகுதியை நேபாளத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த மேய்ப்பரிடமிருந்து பெற்றன. ஆற்றங்கரைப் புல்வெளிகளில் எருமைக் கிடைகளை அமைத்து வாழ்ந்த இம்மக்கள், மேய்ச்சலுக்கென அரசுக்குத் தலைக்கட்டு வரி செலுத்தினர். மூன்று தலைமுறைகள் ஓரிடத்தில் வாழ்ந்தும் அந்நிலத்தின்மீது உரிமை பெற்றவர் அவர்களுள் சிலரே. பால் தொழிலின் தன்மைக்கும் நில ஆவணமின்மைக்கும் இடையே உள்ள தொடர்பை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். வடகிழக்கு இந்தியாவின் பிற பகுதிகளிலும் நேபாளி மேய்ப்பர் வாழ்ந்துள்ளனர் எனினும், பிரம்மபுத்திராச் சமவெளி மட்டுமே இங்கு ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

இடப்பெயர்வின் பின்னணி

நேபாளியர் அசாமிற்கு வந்ததற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று படை வழி. மற்றொன்று கால்நடை வழி. 1814 முதல் 1816 வரை நடைபெற்ற ஆங்கிலேய - நேபாளப் போரின்போதே கூர்க்கா வீரர்களைத் தம் படையில் சேர்க்கும் வழக்கத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியார் தொடங்கினர். 1826-ஆம் ஆண்டு யாண்டபோ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் பின்னர் மலையெல்லைகளைக் காக்க அமைந்த படைப்பிரிவுகளில் கூர்க்கா வீரர் பெருகினர். பணி முடிந்தோரில் ஒரு பகுதியினர் தாயகம் திரும்பாமல், முகாம்களை ஒட்டியே குடியமர்ந்து மாடு வளர்க்கலாயினர்.

இரண்டாம் வழி, படையுடன் தொடர்பில்லாத எளிய உழவர்களுடையது. 1846 முதல் 1951 வரை நேபாளத்தை ஆண்ட இராணாக்களின் காலத்தில் மலைநாட்டு உழவர் கடும் வரிச்சுமைக்கும் கட்டாய உழைப்புக்கும் உள்ளாயினர். படிக்கட்டு வயல்கள் தலைமுறைதோறும் துண்டுபட்டன. கடன்பட்டவனின் நிலம் வட்டிக்கு ஈடாகக் கடன் கொடுத்தவன் கைக்குச் சென்றது. கிழக்கு மலைப்பகுதியிலிருந்து இறங்கியோர்க்கு டார்ஜிலிங், சிக்கிம், பூட்டான், அசாம் ஆகியன எட்டும் தொலைவில் இருந்தன.

இந்த இடப்பெயர்வின் தடம் நேபாளி மொழியிலேயே பதிந்துள்ளது. இந்தியச் சமவெளியை நேபாளியர் 'முக்லான்' என வழங்கினர். முகலாயர் நாடு என்பது இதன் பொருள். முகலாயப் பேரரசு மறைந்த பின்னும் இச்சொல் மறையவில்லை. அயல்நாட்டுப் படையில் பணிபுரிபவன் 'லாகுரே' எனப்பட்டான். பஞ்சாபின் தலைநகராகிய இலாகூருக்குச் சென்று அங்குள்ள படையில் சேர்ந்தோரைக் குறித்த இச்சொல், பின்னர் அசாமில் பணிபுரிந்தவனுக்கும் பெயராயிற்று. ஊரை விட்டுப் பெயர்தல் தனிமனிதர் சிலரின் செயலாக நில்லாது, ஒரு சமூக வழக்காகவே வேரூன்றியிருந்தது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

அசாமில் வாழ்ந்த நேபாளி எழுத்தாளர் லீல் பகதூர் சேத்ரி 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட 'பசாயின்' என்னும் புதினம் இப்பின்னணியையே கதைக்களமாகக் கொண்டது. கடனுக்கு எருமை வாங்கிய ஏழை உழவன், அக்கடனால் நிலத்தை இழந்து குடும்பத்துடன் ஊரைவிட்டு வெளியேறுவதை அது கூறுகிறது. மலைநாட்டில் கடனுக்குக் காரணமான அதே கால்நடையே பிரம்மபுத்திராக் கரையில் பலருக்குப் பிழைக்கும் வழியாயிற்று என்பது நோக்கத்தக்கது.

ஆற்றுத்திட்டுகளும் மேய்ச்சல் முறையும்

பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் வெள்ளம் பெருகிக் கரையை அரித்து, மணலையும் வண்டலையும் வேறிடத்தில் சேர்ப்பது. இவ்வாறு உருவாகும் திட்டுகளும் கரையோரத் தாழ்நிலங்களும் அசாமிய மொழியில் 'சார்', 'சாபரி' என வழங்கப்படுகின்றன. வெள்ளம் வடிந்ததும் இவற்றில் நாணலும் உயர்ந்த புற்களும் அடர்ந்து வளரும். நிலையான உழவுக்கு இந்நிலம் ஏற்றதன்று. ஓராண்டு இருந்த திட்டு மறு ஆண்டு இல்லாமற் போகக்கூடும். அசாமிய உழவர் குளிர்காலத்தில் கடுகு போன்ற குறுகிய காலப் பயிர்களை இங்கு விதைத்து, மழைக்கு முன் அறுவடை செய்துகொண்டு ஊர் திரும்பினர்.

ஆனால் எருமைக்கு இதனினும் சிறந்த இடம் வேறில்லை. நீரும் சேறும் கோரைப் புல்லும் அதற்கு இயல்பான சூழல். கிடையிலிருந்து மேயச் சென்ற எருமைகள் காட்டு எருமைக்கிடாக்களுடன் இணைவதும் இப்பகுதியில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு பிறந்த கன்றுகள் வளர்ந்து பருத்த உடலும் வலிமையும் உடையனவாயின.

மேய்ப்பரின் ஆண்டுச் சுழற்சி ஆற்றின் போக்கையே ஒட்டி அமைந்தது. குளிர்காலத்தில் கிடை திட்டுகளில் இருக்கும். பழைய நாணலைத் தீயிட்டு எரித்தபின் துளிர்க்கும் இளம்புல் கறவைகளுக்கு நல்ல தீவனமாகும். ஆனி, ஆடி மாதங்களில் வெள்ளம் ஏறத் தொடங்கியதும் மந்தையை மேட்டுநிலங்களுக்கோ மலையடிவாரக் காடுகளுக்கோ ஓட்டிச் செல்வர். வெள்ளம் வடிந்த பின்னர் மீண்டும் ஆற்றங்கரைக்கு இறங்குவர். கிடையின் குடில் மூங்கிலாலும் நாணலாலும் அமைந்தமையால் சில நாட்களில் எழுப்பவும், விட்டுச் செல்லவும் இயன்றது.

இத்தகைய கிடையை அசாமிய மொழியில் 'குட்டி' என்பர். தமிழில் இளமைப் பெயராக வழங்கும் குட்டி என்னும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. நேபாளியர் தம் மொழியில் கொட்டிலைக் 'கோட்' என்றும், மாடு மேய்ப்பவனைக் 'கோட்டாலா' என்றும் கூறுவர். 'கோட்' என்பது கோஷ்டம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. மலைநாட்டுக் 'கோட்' வீட்டையும் வயலையும் சார்ந்தது. உழவுக்கு எரு தருவது அதன் முதன்மைப் பயன்களுள் ஒன்று. பிரம்மபுத்திராக் கரையின் 'குட்டி'யோ வீட்டையும் வயலையும் விட்டு விலகி, பாலை மட்டுமே நம்பி நிற்பது. உழவின் துணைத்தொழிலாக இருந்த மாடு வளர்ப்பு, இடப்பெயர்வால் தனித்தொழிலாக மாறியதை இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாடு காட்டுகிறது எனலாம்.

கிடையின் பொருளியல்

அசாமிய உழவர் மாடு வளர்த்தது பெரும்பாலும் ஏருக்காகவே. உள்ளூர்ப் பசுக்கள் உருவிற் சிறியன. கறக்கும் பால் வீட்டுத் தேவைக்கும் பிகு விழாக்காலத் தயிருக்கும் போதுமானதாக இருந்தது. 1839-இல் அசாம் கும்பினி தோன்றியபின் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. 1874-இல் அசாம் தனி நிருவாகப் பகுதியாகிச் சில்லாங் அதன் தலைமையிடமாயிற்று. எழுத்தர்களும் வணிகர்களும் படைவீரர்களும் நகரங்களில் பெருகவே, விலைக்குப் பால் வாங்குவோர் என்ற புதிய பிரிவினர் உருவாயினர். இத்தேவையை நிறைவு செய்யும் அளவுக்குக் கறவைத் தொழிலை முழுநேரமாக மேற்கொண்டிருந்தவர் நேபாளி மேய்ப்பரே.

கிடை எதை விற்றது என்பதை அது சந்தையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதே முடிவு செய்தது. நகரை ஒட்டிய கிடைகள் விடியற்காலையில் கறந்த பாலைக் காவடித் தண்டில் சுமந்து சென்று விற்றன. ஆற்றின் நடுவில் இருந்த கிடைகளுக்கு அது இயலாது. வெப்பத்தில் பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். எனவே அங்கு பாலைத் தயிராக்கி, 'டேகி' எனப்படும் மரக்குடத்தில் 'மதானி' என்னும் மத்தால் கடைந்து வெண்ணெய் எடுத்தனர். அதனை உருக்கி நெய்யாக்கித் தகரங்களில் சேர்த்து வைத்து, படகு வரும்போது வணிகரிடம் விற்றனர்.

எருமை வளர்ப்பு முதன்மை பெற்றதற்கும் காரணம் இதுவே. பசும்பாலில் ஏறத்தாழ 4 விழுக்காடு கொழுப்பு உள்ளது. எருமைப்பாலில் ஏறத்தாழ 7 விழுக்காடு உள்ளது. ஒரே அளவு பாலிலிருந்து எருமை மிகுதியான நெய் தரும். நெய் பல மாதங்கள் கெடாது, எடை குறைவு, விலை மிகுதி. சாலையற்ற ஆற்றுத்திட்டில் வாழ்பவன் சந்தையோடு தொடர்பு கொள்வதற்கு நெய்யை விடத் தகுந்த பொருள் வேறு இல்லை.

கிடையில் பெண்களும் குழந்தைகளும் இருப்பது எப்போதும் இயன்ற ஒன்றாக இல்லை. பெரிய மந்தைக்கு உரியவர் தம் ஊரிலிருந்தோ உறவிலிருந்தோ இளைஞரை வரவழைத்துக் கோட்டாலாவாக அமர்த்தினர். கடைந்தபின் எஞ்சிய மோர் அவர்களின் அன்றாட உணவாயிற்று. உழைப்பவன் சில ஆண்டுகளில் தானும் ஓர் எருமை ஈட்டித் தனிக்கிடை அமைக்கலாம் என்ற நம்பிக்கை அவனை அங்கு நிறுத்தியது. இவ்வகையில் ஒவ்வொரு கிடையும் அடுத்த குடிபெயர்வுக்கு வழிகாட்டியாயிற்று. அதே வேளையில் நோயும் வெள்ளமும் சில நாட்களில் ஒரு மந்தையையே அழிக்கவல்லன. நிலமுடைய உழவன் வெள்ளத்துக்குப் பின்னும் நிலத்தோடு எஞ்சுவான். கால்நடை ஒன்றே உடைமையாகக் கொண்டவனுக்கு அது அழிந்தபின் எதுவும் எஞ்சாது.

மேய்ச்சல் வரி

1886-ஆம் ஆண்டின் அசாம் நில வருவாய் ஒழுங்குமுறைச் சட்டம் நிலவுரிமையை முறைப்படுத்தியது. ஓராண்டுக்கு மட்டும் வழங்கப்படும் 'ஏக்சோனியா' பட்டா, நீண்டகால உரிமை தரும் 'மியாதி' பட்டா என இருவகைப் பட்டாக்கள் நடைமுறையில் இருந்தன. 1891-இல் அசாம் வன ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. காப்புக்காடாக அறிவிக்கப்படாத புல்வெளிகளும் அரசின் நிலமாகவே கருதப்பட்டன. இந்நிலங்களில் மந்தை மேய்ப்போரைத் 'தொழில்முறை மேய்ப்பர்' எனத் தனிப்பிரிவாக வகுத்து, அவர்களுடைய கால்நடைகளின் தலை எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு வரி தண்டியது. எருமைக்கு மாட்டினும் மிகுதியான வரி விதிக்கப்பட்டது. பின்னர்ச் சில புல்வெளிகள் தொழில்முறை மேய்ச்சல் ஒதுக்கிடங்களாக வரையறுக்கப்பட்டன.

இவ்வரியின் இயல்பு கூர்ந்து நோக்கத்தக்கது. உழவனின் வரி நிலத்தின்மீது விழுந்தது. எனவே அவனுடைய வரிச்சீட்டே நில உரிமைக்குச் சான்றாயிற்று. மேய்ப்பனின் வரியோ விலங்கின்மீது விழுந்தது. அவன் எத்தனை எருமை வைத்திருந்தான் என்பதைச் சீட்டு கூறும். எந்நிலத்துக்கு உரியவன் என்பதைக் கூறாது. ஐம்பது ஆண்டுகள் தவறாது வரி செலுத்தியவனும் சட்டத்தின் பார்வையில் அவ்வப்போது இசைவு பெற்று மேய்ப்பவனாகவே இருந்தான். ஆட்சியாளருக்கு இம்முறை இருவகையில் பயன் தந்தது. தரிசெனக் கருதிய நிலத்திலிருந்து வருவாய் கிடைத்தது. வேறு தேவை நேரும்போது அந்நிலத்தை மீட்கத் தடையும் இல்லை.

வரி உயர்வு 1920களில் அசாம் சட்டமன்றத்தில் விவாதப் பொருளாயிற்று. மேய்ப்பரின் குறைகள் விடுதலை இயக்கத்தோடு இணைந்தமைக்குச் சவிலால் உபாத்தியாயரின் வாழ்வு சான்றாகும். அசாமில் வாழ்ந்த நேபாளி சமூகத்தைச் சேர்ந்த இவர், 1921-இல் அசாம் சங்கம் மாநிலக் காங்கிரசாக மாறிய கூட்டத்திற்குத் தலைமை தாங்கினார். ஒரு மாநிலத்தின் விடுதலை இயக்க வரலாற்றில் முதன்மை இடம்பெற்ற ஒரு கூட்டத்திற்கு இச்சமூகத்தவர் ஒருவர் தலைமை ஏற்றார் என்பது, அவர்களை வெளியார் எனக் கருதும் பிற்கால நோக்கை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

சுருங்கிய புல்வெளி

இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சல் நிலம் இரு பக்கங்களிலிருந்து சுருங்கியது. முதலாவது, வனவிலங்குப் பாதுகாப்பு. காண்டாமிருகத்தைக் காக்கும் பொருட்டுக் காசிரங்கா 1908-இல் காப்புக்காடாகவும், 1916-இல் வேட்டை விலங்குப் புகலிடமாகவும், 1950-இல் வனவிலங்குப் புகலிடமாகவும், 1974-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. கால்நடை நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் பரவும் என்ற அச்சமும், மேய்ச்சலால் புல்வளம் குறையும் என்ற கருத்தும் வனத்துறையினரிடம் இருந்தன. இவ்வச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் காண்டாமிருகம் விரும்பும் புல்வெளியும் எருமை விரும்பும் புல்வெளியும் ஒன்றே ஆகையால், இந்நடவடிக்கையின் சுமை மேய்ப்பர்மீதே விழுந்தது.

இரண்டாவது, உழவின் விரிவு. கிழக்கு வங்காளத்திலிருந்து நிலமற்ற உழவர் பெருந்தொகையினராக அசாமிற்கு வந்தனர். அவர்களுடைய குடியேற்றத்தை எல்லைப்படுத்த 1920-இல் 'கோட்டு முறை' நடைமுறைக்கு வந்தது. ஆற்றுத்திட்டுகளில் சணலும் நெல்லும் விளைவிப்பதில் இவர்கள் திறமை பெற்றவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, உணவு உற்பத்தியைப் பெருக்குவதைக் காரணமாகக் காட்டி, 1943-இல் சாதுல்லா அமைச்சரவை மேய்ச்சல் ஒதுக்கிடங்களில் ஒரு பகுதியைக் குடியேற்றத்திற்குத் திறந்துவிட்டது. கிடைகள் இருந்த இடங்களில் வயல்கள் எழுந்தன. எருமைகள் பயிரில் புகுந்ததாகவும், மேய்ச்சல் நிலத்தைப் பயிர் விழுங்கியதாகவும் இருதரப்பும் முறையிட்டன. அசாமிய உழவர், வங்காள உழவர், நேபாளி மேய்ப்பர் ஆகிய மூன்று எளிய மக்கட்பிரிவினர் ஒரே திட்டின்பொருட்டு எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1947-இல் புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டுப் பழங்குடியினர்க்கான நிலப்பகுதிகள் வரையறுக்கப்பட்டன. அங்குப் பாதுகாப்புப் பெறும் வகுப்பினருள் 'நேபாளி உழவர் - மேய்ப்பர்' என்ற பிரிவும் இடம்பெற்றது. உழவையும் மேய்ச்சலையும் ஒருங்கே குறிக்கும் இத்தொடர், இச்சமூகத்தின் உண்மை நிலையைச் சட்டம் ஓரளவு உணர்ந்ததைக் காட்டுகிறது. மேய்ப்பருள் பலர் அதற்குள் கிடையை விட்டுச் சிறுநில உழவராக மாறத் தொடங்கியிருந்தனர். ஆனால் இப்பாதுகாப்பு அந்நிலப்பகுதிகளுக்கு மட்டுமே உரியது. ஆற்றங்கரைக் கிடைகளுக்கு அதனால் விளைந்த பயன் சிறிதே.

ஆவணமும் குடியுரிமையும்

1950-இல் கையெழுத்தான இந்திய - நேபாள உடன்படிக்கை, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வாழவும் தொழில் செய்யவும் சொத்து வைத்திருக்கவும் வழி செய்தது. இது புதிதாக வருவோர்க்கு உதவியது. ஆனால் தலைமுறைகளாக இந்தியாவில் வாழும் நேபாளி மொழியினரையும் நேபாள நாட்டுக் குடிமக்களையும் வேறுபடுத்திக் காண இயலாத குழப்பத்தையும் அது விளைவித்தது. அசாமில் 1979 முதல் 1985 வரை அயல்நாட்டவர்க்கு எதிரான இயக்கம் நடைபெற்றபோது இக்குழப்பம் அச்சமாக மாறியது. 1988 ஆகஸ்டு 23-இல் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை கூர்க்கா மக்களின் குடியுரிமை நிலையைத் தெளிவுபடுத்தியது. 1992-இல் நேபாளி மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மொழிக்குக் கிடைத்த ஏற்பு அதனைப் பேசுவோரின் நிலத்திற்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அசாமில் நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5.96 இலட்சம் பேர்.

அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேடு புதுப்பிக்கப்பட்டபோது இவ்வினா கூர்மை பெற்றது. 1971 மார்ச் 24 நள்ளிரவிற்கு முன்னர்த் தாமோ தம் முன்னோரோ அசாமில் வாழ்ந்தமைக்கு ஒவ்வொருவரும் ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. பழைய வாக்காளர் பட்டியலும் நில ஆவணங்களும் முதன்மைச் சான்றுகளாக ஏற்கப்பட்டன. வெள்ளத்தோடு இடம் மாறும் கிடையில் பிறந்து வளர்ந்தவனின் பெயர் இவ்விரண்டிலும் இடம்பெறும் வாய்ப்பு குறைவு. கூர்க்கா சமூகத்தவரை அயல்நாட்டவர் தீர்ப்பாயங்களுக்கு அனுப்புவது குறித்து 2018-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அசாம் அரசுக்கு விளக்கம் அளிக்க நேர்ந்ததே சிக்கலின் அளவை உணர்த்தும். 2019 ஆகஸ்டு 31-இல் வெளியான இறுதிப் பட்டியலில் விடுபட்ட 19,06,657 பேருள் பல மொழியினரும் இருந்தனர். நேபாளி மொழியினரும் அவர்களுள் அடங்குவர்.

தராங்கு மாவட்டத்துக் 'கோருகுட்டி' என்னும் ஊர்ப்பெயர் இங்கு நினைவுகூரத்தக்கது. 'கோரு' என்றால் அசாமிய மொழியில் மாடு. மாட்டுக்கிடை இருந்த இடம் என்பது பெயரின் பொருள். அப்பகுதியில் 2021-ஆம் ஆண்டு நிகழ்ந்த வெளியேற்ற நடவடிக்கையில், வங்காள வழி முசுலிம் உழவர்களின் குடிசைகள் அகற்றப்பட்டன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கிடை வயலாகவும், வயல் மீண்டும் அரசு நிலமாகவும் மாறிய இடத்தில் பழைய வாழ்வு பெயரளவில் எஞ்சியுள்ளது. நிலத்தில் உழைத்தவர் மாறினும், அவர்களுடைய உரிமையின் நிலையாமை மாறவில்லை.

தொழிலின் இன்றைய நிலை

நேபாளி மேய்ப்பரின் பால் தொழில் முற்றிலும் மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியுள்ளது. ஆற்றுக்கிடையிலிருந்து கொட்டிலுக்கும், எருமையிலிருந்து கலப்பினப் பசுவுக்கும், நெய்யிலிருந்து பாலுக்கும் அது பெயர்ந்துள்ளது. மரிகாவ் மாவட்டத்து ஆம்லிகாட்டில் இயங்கும் சீதாசகலா பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், நேபாளி மொழியினர் மிகுந்த பகுதியில் வளர்ந்த அமைப்பிற்கு எடுத்துக்காட்டாகும். கூட்டுறவில் சேர வீட்டருகே கொட்டிலும் தீவனப்புல் விளைவிக்க நிலமும் வேண்டும். பட்டா பெற்ற குடும்பங்கள் இம்மாற்றத்திற்கு ஈடுகொடுத்தன. பட்டா பெறாதோர் தொழிலைவிட்டுக் கூலிகளாகவும் காவலாளிகளாகவும் நகரங்களுக்குச் சென்றனர். சேத்ரியின் மற்றொரு புதினமாகிய 'பிரம்மபுத்திராகா சேவுசாவு' 1987-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 'பிரம்மபுத்திராவின் கரையோரம்' எனப் பொருள்படும் அதன் தலைப்பே, முன்னைய புதினத்தில் ஊரைவிட்டு வெளியேறியவன் வந்து சேர்ந்த இடத்தைக் குறிப்பதாகக் கொள்ளலாம்.

முடிவுரை

நேபாளி மேய்ப்பர் பிறர் பயன்படுத்தாத நிலத்தைப் பயனுடையதாக்கினர். சந்தைக்கு எட்டாத ஆற்றுத்திட்டிலிருந்து நெய்யைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். அரசுக்கு வரியும் செலுத்தினர். அவர்களுடைய தொழிலுக்கு இன்றியமையாததாக இருந்த இடமாற்றமே, பிற்காலத்தில் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. ஒரே இடத்தில் நிலைத்து உழுதவனை மட்டுமே குடியாகக் கருதிய ஆவண முறை, மந்தையோடு நகர்ந்தவனை என்றும் வழிப்போக்கனாகவே பதிவு செய்தது. விலங்கைக் கணக்கிட்ட வரிச்சீட்டில் மனிதனின் ஊர்ப்பெயர் இடம்பெறாமையால் விளைந்த இழப்பு, மூன்றாம் தலைமுறையில் வெளிப்பட்டது. மேய்ச்சல் சமூகங்களின் வரலாற்றை ஆராய்வோர் நிலப்பதிவேடுகளோடு நில்லாது, ஊர்ப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் இலக்கியத்தையும் சான்றுகளாகக் கொள்ள வேண்டியதன் தேவையை இது வலியுறுத்துகிறது. பதிவேட்டில் இடம்பெறாத பல தலைமுறைகளின் உழைப்பு அவற்றிலேயே எஞ்சியுள்ளது.